மீன்முள் படம்

நாராயணஸ்வாமியின் காரில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கழற்றிவிட்டு ஏறியிருக்கலாமோ என்ற குற்ற உணர்ச்சியை அந்தக் கார் உண்டாக்கிவிடும். வாங்கி இரண்டு வருடமாகிவிட்டது; ஷோரூமில் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் எல்லா இருக்கைகளையும் பொத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் அப்பளக் கட்டின் மேல் உட்கார்ந்தது போல நொறுநொறுக்கும். போதாக்குறைக்கு, சாப்பாட்டு மேசைக்குப் போடுகிற தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி, அளவெடுத்து வெட்டி, தரைக் கம்பளத்தின் மேல் விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். கேட்டால் "ரீசேல் வேல்யூ" என்பார். சிலர் கார் வாங்குவது ஓட்டுவதற்கு. இவர் வாங்கியது, என்றைக்கோ வரப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காகப் பத்திரப்படுத்தி வைப்பதற்கு.

காஞ்சன்பாக் பக்கம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் துணைப் பொது மேலாளர். தரம் என்பது அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, சுபாவமும் அதுதான். வீட்டில் இட்லி கொஞ்சம் கல்லாக வந்தால்கூட 'டீவியேஷன்' என்பார். அதற்கு அவர் மனைவி திரிபுரசுந்தரி என்ன பதில் சொல்வாள் என்பதை ஆபீசில் சொல்ல மாட்டார்.

வீடு செகந்திராபாத் லோத்குண்டாவில். அங்கிருந்து காஞ்சன்பாக் போவதென்றால் ஊரின் ஒரு கோடியில் ஏறி மறு கோடியில் இறங்குகிற சமாச்சாரம். அவ்வளவு தூரம் பேசிக்கொண்டே போகக்கூடிய ஒருவருக்குக் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? அதே காலனியில் இருந்த ஸ்ரீகாந்தை முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். ஸ்ரீகாந்த் அவருக்குக் கீழே உதவி மேலாளர். பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சிநேகிதர்களோடு இந்த ஊர் உருது. இத்தனை மொழிகளிலிருந்தும் மேலதிகாரிக்கென்று அவன் பொறுக்கி வைத்திருந்த சொல் ஒன்றே ஒன்று: 'ஹவ்.' ஆமாம் என்று அர்த்தம்.

மாரெட்பள்ளியில் ரோஸ்லின் ஏறுவாள். பின் சீட்டில் இடது பக்கம் அவள் இடம். ஸ்டோர்ஸ் பிரிவில் சீனியர் ஆபீசர்; தூத்துக்குடிக்காரி. வந்த ஊரில் பிள்ளை பிறந்து அது காலேஜுக்குப் போகிற அளவுக்குக் காலம் ஓடியும் அவள் பேச்சிலிருந்து தூத்துக்குடி கரையவில்லை. மீன் சாப்பிடுவாள். அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை, மேளம் அடித்துச் சொன்னதும் இல்லை.

மார்ச் மாத வெயில் ஏறத் தொடங்கியபோது காருக்குள் நாற்றம் வந்தது.

முதலில் நனைந்த குடை வாடை போலத்தான் இருந்தது. தொழிற்சாலை வாசலில் வெட்டவெளியில் பகலெல்லாம் வெந்துகொண்டிருந்த கார், ஒரு வாரத்தில் அதை வளர்த்து ஆளாக்கிவிட்டது. சாயங்காலம் கதவைத் திறந்தால் நாற்றம் இறங்கி வந்து வரவேற்றது. புளித்து, கெட்டு, அதற்கும் அப்பால் போய், இன்னும் பெயர் வைக்கப்படாத ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும் நாற்றம். ஏ.சி.யைப் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உலாப் போயிற்று.

நாராயணஸ்வாமி மூக்கைப் பொத்தவில்லை. அது பதவிக்கு அழகல்ல. "ஒரு மாதிரி மரைன் ஆரிஜின்போல இருக்கு," என்றார்.

"ஹவ் சார்," என்றான் ஸ்ரீகாந்த்.

"மரைன்னா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"ஜெனரலா சொன்னேன். சமுத்திர சம்பந்தமா." முன் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தவர் சட்டென்று சாலையைப் பார்த்தார்.

"செகந்திராபாத்துல ஏது சார் சமுத்திரம்?"

"ஹவ்," என்றான் ஸ்ரீகாந்த், பழக்க தோஷத்தில்.

அதன்பின் நாராயணஸ்வாமி நாற்றத்தின் மேல் படையெடுத்தார். கண்ணாடியில் பச்சை மர வடிவத்தில் ஓர் அட்டை தொங்கியது. அடுத்த நாள் ஏ.சி. துவாரத்தில் மல்லிகை வாசனை டப்பா ஒன்று ஏறியது. பிறகு துணி மூட்டையில் கற்பூரம். பிறகு கிண்ணத்தில் காபிப்பொடி. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உள்ளே சாம்பிராணி போட்டாராம். எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடி வந்ததை ஸ்ரீகாந்த் ரகசியமாகச் சொன்னான். எல்லாம் செய்தும் நாற்றம் போகவில்லை. துணைக்கு நாலு பேர் சேர்ந்த தெம்பில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது. மல்லிகைப் பந்தலின் கீழே யாரோ செத்துக் கிடக்க, பக்கத்தில் ஒருவர் காபி போட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

பிறகு அளவீடு வந்தது. "அளக்க முடியாததை நிவர்த்தி பண்ண முடியாது," என்று அறிவித்த நாராயணஸ்வாமி, பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு நாற்ற அளவுகோலை ஏற்படுத்தினார். மாரெட்பள்ளிக்கு முன்னால் ஒரு தடவை, மாரெட்பள்ளிக்குப் பின்னால் ஒரு தடவை ஸ்ரீகாந்த் மதிப்பெண் போட வேண்டும். ரோஸ்லின் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவாள். முன்னாலிருந்து ஸ்ரீகாந்தின் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

"எவ்வளவு?"

"எட்டு சார்."

"மாரெட்பள்ளிக்கு முன்னாடி?"

"ஏழு... ஏழரை சார்."

"நோட் தி டிஃபரன்ஸ்."

"ஏம் ஸ்ரீகாந்த், கதவத் தொறந்தா காத்து கலங்கும்லா, அதுக்கு அரை மார்க்கு கழிச்சியளா?" என்று கேட்டாள் ரோஸ்லின். அவன் 'ஹவ்' சொல்ல வாயெடுத்து, யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் விழுங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. குழுவின் பெயர் 'கார்பூல் எக்ஸலன்ஸ்'. உறுப்பினர் மூவர், அட்மின் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கோளாறின் காரணத்தைத் தேடும்போது தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் மீனின் எலும்புக்கூடு போல ஒரு படம் வரைவார்கள். தலையில் கோளாறின் பெயர். இரண்டு பக்கமும் முட்கள். ஒவ்வொரு முள்ளிலும் ஒருவகைக் காரணம். மனிதர், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல். மீன் கடையைத் தாண்டிப் போனாலே வீட்டுக்கு வந்து குளிக்கிற ஒரு மனிதர், வாழ்நாளெல்லாம் மீன்முள் வரைந்தே பதவி உயர்வு வாங்கியிருக்கிறார் என்பது ரோஸ்லினுக்கு எப்போதும் பிடித்த வேடிக்கை. இன்றைக்கு அந்த முள் அவளைக் குத்தியது.

மீனின் தலையில் 'துர்நாற்றம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இயந்திரம் என்ற முள்ளில், 'குறை ஏதும் இல்லை'. திறந்து பார்க்காமலே. முறை, சூழல் இரண்டிலும் அதே. மனிதர் என்ற முள்ளில் R. பொருள் என்ற முள்ளில் 'மதிய உணவு (R)'. அடியில் சிவப்பு எழுத்தில் நிவாரணம்: 'சோதனை முறையில் R மாற்று வாகனத்தில் பயணிக்கலாம்.'

கீழே ஸ்ரீகாந்தின் கட்டைவிரல் உயர்ந்திருந்தது.

இதில் ஒரு சங்கதி இருந்தது. அது ரோஸ்லினுக்கும் அவள் புருஷன் அருணாசலத்துக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. சாம்பல் புதனன்று தவக்காலம் ஆரம்பித்ததிலிருந்து அவள் வீட்டில் கவிச்சி கிடையாது. மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாட்டு டப்பா பரணில் ஏறிவிட்டது. காப்பிகூட விட்டிருந்தாள். அவளுடைய டிபன் பாக்ஸில் சில வாரங்களாக இருந்தது புடலங்காய்க் கூட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். நாராயணஸ்வாமி வீட்டுச் சமையலைவிடச் சுத்தம் என்று சொல்லலாம். அங்கேயாவது வெங்காயம் உண்டு.

அருணாசலம் ஞானஸ்நானம் பெற்றவரல்ல. காதலித்துக் கட்டியவளுக்காக வருடத்துக்கு ஒருமுறை மீனைத் துறந்து, அந்த நாற்பது நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மீனே திங்காத எனக்கு மீன் படம் வேற அனுப்புதான்," என்றார். "எனக்கு தபசுகாலம், மீன் தொட மாட்டேன்னு ஒரு வரி எழுதி அனுப்பு. முடிஞ்சிது சோலி."

"அனுப்ப மாட்டேன்."

"ஏம்?"

"அனுப்புனா என்ன ஆவும்? அப்படியா மேடம், சாரி மேடம்பாரு. ஈஸ்டர் கழிச்சி?"

"ஈஸ்டர் கழிச்சிதான் நாமளும் திங்க ஆரம்பிச்சிருவோமே."

"அதத்தான் சொல்லுதேன். இன்னைக்கு நான் மீன் திங்கல, அதுனால நாத்தம் நான் இல்லன்னு சொன்னா, திங்குற அன்னைக்கு நாத்தம் நான்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. திங்கலன்னு சொல்லித் தப்பிக்கதுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?"

அருணாசலம் யோசித்தார். "அப்ப பஸ்ல போ. அந்தக் கெட்டுப்போன கார்ல ஏம் போய் மூச்சப் பிடிச்சிட்டு உக்காருத?"

"பஸ்ல போனாலும் எழுதிக் குடுத்த மாதிரிதான். நான் எறங்குன மறுநாள் அவருக்கு நாத்தம் கொறஞ்ச மாதிரி இருக்கும். ஸ்ரீகாந்த் ரெண்டு மார்க்குப் போடுவான். அதோட ரோஸ்லின்னா நாத்தம்னு ஆபீஸ் பூரா பதிஞ்சிரும். நாத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்காம நான் அந்தக் கார விட்டு எறங்க மாட்டேன்."

அருணாசலம் புடலங்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அன்று காலை மாரெட்பள்ளியில் கார் வந்து நின்றபோது நாராயணஸ்வாமி கண்ணாடியை இறக்கினார். கதவின் பூட்டை எடுக்கவில்லை.

"ரோஸ்லின், படம் பார்த்தேளா? பர்சனலா எடுத்துக்கப்படாது. இது ஒரு சயின்டிஃபிக் எலிமினேஷன், அவ்வளவுதான். ஒரு வாரம் நீங்க வேற ஏதாவது—"

"பாத்தேன் சார். கதவத் தொறங்க."

"இல்லை, டிரயல்..."

"தொறங்க சார், பின்னால ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கான்."

ஆட்டோக்காரன் நிஜமாகவே அடித்துக்கொண்டிருந்தான். பூட்டு 'டொக்' என்று திறந்தது. ரோஸ்லின் ஏறி, பிளாஸ்டிக் நொறுங்க உட்கார்ந்தாள். உள்ளே மல்லிகை, கற்பூரம், காபி, அத்தனைக்கும் மேலே அது.

தார்நாகா தாண்டிவிட்டது. ஸ்ரீகாந்த் மதிப்பெண்கூடப் போடவில்லை.

"எலிமினேஷன்னா எல்லாருக்கும் உண்டா சார்?" என்று ஆரம்பித்தாள் ரோஸ்லின். "மொத வாரம் நான் எறங்குதேன். ரெண்டாவது வாரம் ஸ்ரீகாந்த். மூணாவது வாரம் நீங்க எறங்குங்க. கார மட்டும் அனுப்பி வைங்க, நாங்க மோந்து பாத்துச் சொல்லுதோம்."

"கிண்டல் வேண்டாம். ஸ்மெல்லோட கான்சன்ட்ரேஷன் எங்க ஜாஸ்தி? பின் சீட், இடது பக்கம். அங்க உட்கார்றது யாரு? டேட்டா பேசறது, நான் பேசலை."

"வாஸ்தவம். நாத்தம் என் காலடியிலேருந்துதான் வருது. எனக்கும் மூக்கு இருக்கு." அவள் முன்னால் சாய்ந்தாள். "அதுனாலதான் சொல்லுதேன். இயந்திரம்னு ஒரு முள்ளு போட்டிருக்கியள்லா, குறை இல்லன்னு? எதத் தொறந்து பாத்திய?"

"புது வண்டி. பார்க்க என்ன இருக்கு?"

"இந்தப் பிளாஸ்டிக்க எடுத்துப் பாத்தியளா?"

காரே ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. "அதை எடுக்கறதாவது! அது ப்ரொடெக்‌ஷன்."

"நாளைக்கு சனிக்கிழமை. நான் உங்க வீட்டுக்கு வாரேன். காலைலேருந்து கண்ணாடிய ஏத்தி வெயில்ல வைங்க. மரம், மல்லிகை, கற்பூரம், மூக்க மறைக்கிற சாமான் பூரா மொதல்ல வெளிய எடுத்துருங்க. மூல மூலயா தேடுவோம். காரணம் நான்தான்னு தெரிஞ்சா, அப்பமே எறங்கிப் போயிருதேன், இனி இந்தக் காருக்குள்ள வர மாட்டேன். நான் இல்லன்னா..."

"இல்லேன்னா?"

"இதே கார்ல, ஸ்ரீகாந்த் முன்னால, தமிழ்ல, 'நாத்தம் ரோஸ்லினால இல்ல'ன்னு நீங்க சொல்லணும்."

"தட் இஸ் நாட் நெசஸரி," என்றார் நாராயணஸ்வாமி.

"அப்ப பயமா சார்?"

"கம் டுமாரோ," என்றார்.

மறுநாள் லோத்குண்டா வெயில் ராணுவப் பயிற்சி போலக் கண்டிப்பாக இருந்தது. கார் வாசலில் நின்று வெந்துகொண்டிருந்தது. ஸ்ரீகாந்தை நாராயணஸ்வாமி வரவழைத்திருந்தார், மூன்றாம் தரப்பு ஆய்வாளராக. திரிபுரசுந்தரி படியில் நின்றாள்.

"வாங்கோ வாங்கோ. இவர் காரை நீங்க மோந்து பார்க்க வரேள்னு சொன்னார். என் காது கேட்டதைத்தான் சொல்றேன். உள்ள வந்து ஒரு வாய் காபி..."

"காப்பி வேண்டாம்க்கா. நாப்பது நாளைக்கி விட்டிருக்கேன்."

திரிபுரசுந்தரி கூர்ந்து பார்த்தாள். "நோன்பா? அப்போ மத்ததெல்லாமும்?"

ரோஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார்ட்ட சொல்லிராதிய."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள் திரிபுரசுந்தரி. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் சொல்லாமல் விட்டது ஒன்றும் கிடையாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ரோஸ்லின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பின்பக்க டிக்கியைத் திறந்து தலையை நுழைத்தாள். ஸ்டெப்னி டயர், ஒரு பழைய குடை. வெறும் ரப்பர் வாடை. முன்னால் கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்த ஏ.சி. வடிகட்டியை ஸ்ரீகாந்தை உருவச் சொன்னாள். சாம்பிராணிப் புகையில் கறுத்துக் கிடந்தது. மோந்தாள்.

"பக்தி மணக்குது. இது இல்ல."

நாராயணஸ்வாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். "நோட் பண்ணிக்கோ ஸ்ரீகாந்த். டிக்கி, ஜீரோ. ஃபில்டர், ஜீரோ."

"ஹவ் சார்."

பிறகு பின் கதவு. இடது பக்கம். ரோஸ்லின் மண்டியிட்டு, தன் செருப்புக் கால் தினமும் படுகிற இடத்தருகே மூக்கைக் கொண்டுபோனாள். அரைக்கணத்தில் முகத்தைத் திருப்பி வெளிக்காற்றை வாங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இங்கனதான்," என்றாள்.

"அதான் நான் சொன்னேன்! உங்க இடம்!"

"என் இடத்துக்குக் கீழ, சார்." டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள்.

"அதை எடுக்கப்படாது!" நாராயணஸ்வாமியின் குரல் தெருமுனைவரை போயிற்று. "அது இன்டாக்டா இருக்கணும்! டேப்பைப் பிச்சா திரும்ப ஒட்டாது!"

"ஒட்டாட்டா நல்லதுதான்."

சர்ரென்று டேப் வந்தது. ஷீட் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டது. நால்வரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

முன் சீட்டின் இரும்புத் தண்டவாளத்துக்காக ஷீட்டில் ஒரு வெட்டு விட்டிருந்தார் நாராயணஸ்வாமி. அந்த வெட்டின் வழியாக உள்ளே போன ஏதோ ஒன்று வெளியே வரத் தெரியாமல் கம்பளத்திலேயே குடியேறியிருந்தது. மஞ்சளாகத் திட்டுத் திட்டாக உறைந்து, ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம் பூத்து, நடுவில் இன்னும் ஈரம் மினுங்கியது. மேலே பிளாஸ்டிக், கீழே வெயிலில் காய்ந்த தகரம். தயிர்ப்பானைக்குக்கூட இத்தனை கவனிப்புக் கிடைத்திருக்காது.

"ஏன்னா!" என்று கத்தினாள் திரிபுரசுந்தரி. "கிருத்திகைப் பால்!"

நாராயணஸ்வாமி பிரிந்த டேப்பை மறுபடி ஒட்டப் பார்த்தார்.

"மாசிக் கிருத்திகைக்கு முருகன் கோவில்ல அபிஷேகம் பண்ணின பாலை ஒரு கேன்ல குடுத்தாளே! நான் பின் சீட்டுல, இதே காலடியில வெச்சுண்டு வந்தேன். திருமலகிரி சிக்னல்ல நீங்க போட்டேளே ஒரு பிரேக்கு! பாதிக் கேன் கவுந்துடுத்து. நான் வண்டியை நிறுத்துங்கோன்னேன். நீங்க என்ன சொன்னேள்? 'ஷீட் இருக்கு, ஒண்ணும் ஆகாது, மேலாகத் துடைச்சுடு.'"

அவர் மறந்திருக்கவில்லை. ஷீட் இருக்கும்போது சிந்தியது சிந்தியதாகாது என்று நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

"அது பிரசாதம்," என்றார் கடைசியில். "பிரசாதம் இப்படி... டெக்னிக்கலா, பிரசாதம் கெட்டுப்போகாது."

"முருகன் கோவிலோட சரி சார், அங்கேருந்து கெளம்பி வந்தது வெறும் பாலு," என்றாள் ரோஸ்லின். "வெயில்ல வச்சா எந்தப் பாலும் கெடும்."

"இருக்கலாம். ஆனா இதுக்குக் கீழே வேற ஏதாவது லேயர் இருக்கா, ஒரு சின்ன மீன் துண்டு மாதிரி... சாம்பிள் எடுத்து லேபுக்கு..."

"நக்கோ சார்," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்ரீகாந்த் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றான். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே சந்தேகம். "வேண்டாம் சார். லேப் எல்லாம் நக்கோ. பால் சார் இது. எங்க வீட்லயும் ஒருக்கா ஃபிரிட்ஜ் நின்னுபோய் இப்படித்தான்..." தொண்டையைச் செருமினான். "பத்து சார். பத்துக்குப் பத்து."

நாராயணஸ்வாமி தன் துறை தன்னைக் கைவிட்டதை உணர்ந்தார்.

"இதக் கழுவணும்," என்றாள் ரோஸ்லின். "சீட்ட அவுத்து, கம்பளத்த உரிச்சி, அடியில இருக்க மெத்தையையும் எடுத்துரணும். பச்சத்தண்ணிதான், சுடுதண்ணி ஊத்துனா பாலு இன்னும் பிடிச்சிக்கிடும். ஆப்பசோடாவத் தூவித் தேய்க்கணும். கதவத் தொறந்து போட்டு முழு வெயில்ல காய விடணும். இந்தப் பிளாஸ்டிக்கு ஒரு துண்டு உள்ள இருக்கக் கூடாது, ஈரம் மறுபடி மாட்டிக்கிடும். வடிகட்டியும் புதுசு போடுங்க."

நாராயணஸ்வாமி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. பெண்பிள்ளை, முந்தானையைச் செருகியிருக்கிறாள், எப்படிச் செய்வதென்றும் தெரிந்திருக்கிறது.

ரோஸ்லின் செருகிய முந்தானையை எடுத்துவிட்டாள். "தேடுததுக்குத்தான் வந்தேன் சார். கழுவதுக்கு இல்ல."

"அவரே பண்ணுவார்," என்றாள் திரிபுரசுந்தரி. "நீங்க நிழல்ல வந்து உட்காருங்கோ. காபி இல்லேன்னா ஒரு டம்ளர் மோர் தரட்டுமா?"

நால்வரும் கம்பளத்தைப் பார்த்தார்கள்.

"தண்ணி போதும்க்கா," என்றாள் ரோஸ்லின்.

அன்றைக்கு லோத்குண்டாவின் அந்தத் தெரு, துணைப் பொது மேலாளர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பளம் தேய்ப்பதைக் கண்டது. சீட்டுகளிலிருந்து உரித்த பிளாஸ்டிக் வாசலில் மலையாகக் குவிந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து, இந்தத் தடவை வாளி இல்லாமல், "கியா சாப், பேச் ரஹே?" என்று கேட்டார், விற்கிறீர்களா என்று. நாராயணஸ்வாமி கம்பளத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

திங்கட்கிழமை கார் வந்தது. ரோஸ்லின் உட்கார்ந்தபோது சத்தமே கேட்கவில்லை. முதுகில் முதன்முறையாகத் துணி பட்டது. சோப்பு வாடையும் வெயில் வாடையும் தவிர உள்ளே ஒன்றுமில்லை. மரம், மல்லிகை, கற்பூரம் எதுவும் இல்லை.

"குட் மார்னிங், ரோஸ்லின்," என்றார் நாராயணஸ்வாமி. அதிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்ட தோரணை. "இஷ்யூ ஸ்டாண்ட்ஸ் க்ளோஸ்ட். நல்ல டீம் எஃபர்ட்."

"டீம்ல நம்ம பேசுனது ஒண்ணு பாக்கி இருக்கு சார்."

"குரூப்ல போட்டேனே. 'ரூட் காஸ் ஐடென்டிஃபைட் அஸ் மில்க் ஸ்பில்லேஜ்.' க்ளியரா இருக்கே."

"அதுல யாருமே இல்லையே சார். பாலு தானா வந்து தானா சிந்துன மாதிரில்லா இருக்கு. நான் கேட்டது தமிழ்ல ஒரு வரி."

கார் தார்நாகாவைத் தாண்டியது. நாராயணஸ்வாமி ஏ.சி.யைக் கூட்டினார், குறைத்தார், கூட்டினார். திடீரென்று ஒரு யோசனை உதித்தவர் போல நிமிர்ந்தார். குரல் தழைந்து, ஏறக்குறைய அன்பாக வந்தது.

"எங்காத்து மாமி சொன்னா. உங்களுக்கு நோன்பாமே. இத்தனை வாரமா நீங்க மீனே தொடலையாமே! அதை அன்னிக்கே சொல்லியிருந்தேள்னா அப்பவே உங்க பேரை எடுத்திருப்பேன். இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. எதுக்கு மறைச்சேள்?"

"ஹவ் மேடம்," என்றான் ஸ்ரீகாந்த், உண்மையான வருத்தத்தோடு. "சொல்லியிருக்கலாம்ல."

"அதுக்குத்தான் சொல்லல," என்றாள் ரோஸ்லின். "நோன்புன்னு என் பேர எடுப்பிய. நோன்பு முடிஞ்சா திரும்ப எழுதுவிய. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாளு சாள மீன் புளிமுளம் கொண்டுவாரேன் சார். அதுக்கடுத்து சீலா மீன் வறுத்தது. கருவாட்டுக் கொழம்பும் வரும், பெறகு. டப்பா மூடி கெட்டியா இருக்கும், தொறந்தா மணக்கும். இதே சீட்டுல மடியில வச்சிட்டு வருவேன். அன்னைக்கும் இந்தக் கார்ல நாத்தம் நான் இல்ல. நான் மீன் திங்காததுனால இல்ல சார். நான் நாத்தம் இல்லாததுனால."

உப்பல் சிக்னலில் கார் நின்றது. நாராயணஸ்வாமி பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். காற்றுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே பார்த்தபடி, பல்லுக்கிடையில், வேகமாகச் சொன்னார்: "நாத்தம் ரோஸ்லினால இல்லை, ஆனா அன்னிக்கிருந்த டேட்டாபடி..."

பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர் ஹெல்மெட்டைத் திருப்பினார். "நாக்கா சார் செப்துன்னாரு?" தனக்கா சொல்கிறார் என்று அவருக்குச் சந்தேகம்.

"அவருக்கு ஏம் சார் சொல்லுதிய, பாவம்," என்றாள் ரோஸ்லின். "இங்கிட்டுத் திரும்பிச் சொல்லுங்க. அந்த 'ஆனா' மட்டும் வேண்டாம்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஒரு பஸ் அலறியது. அதன் பின்னால் லாரி ஒன்று சேர்ந்துகொண்டது.

"ரோஸ்லின், கிரீன் விழுந்துடுத்து..."

"விழட்டும். சொல்லிட்டு எடுங்க."

"சார், பஸ் சார்," என்றான் ஸ்ரீகாந்த். "சொல்லிடுங்க சார்."

உப்பல் சந்திப்பு மொத்தமும் ஹாரனாகியது. நாராயணஸ்வாமி சீட்டில் உடம்பைத் திருப்பினார். கழுத்து சிவந்திருந்தது. அவளை நேராகப் பார்த்தார், கண்ணாடியில் அல்ல.

"நாத்தம் உங்களால இல்லை, ரோஸ்லின்," என்றார். "என்னால."

"சரி சார்," என்றாள் ரோஸ்லின். "இப்ப வண்டிய எடுங்க."